வரைபடத்தில் அத்தைக்கு இடம் உண்டா?

வீட்டுக்கு உள்அலங்கார நிபுணர் வைப்பதெல்லாம் சினிமா நட்சத்திரங்கள் சமாசாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று ஃப்ளாட் வாங்கும் நடுத்தரக் குடும்பங்களும் சமையலறை மேடையிலிருந்து துணி அலமாரி வரை அவர்களிடம் ஒப்படைக்கிறோம். ஒப்படைப்பது சரி, ஆனால் விடியற்காலையில் எழுந்து அங்கே வேலை செய்யப் போவது யார்? நாம்தானே! அவர்கள் படம் போடுவதற்கு முன்பே நாம் வாயைத் திறந்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

மடிப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட் 900 சதுர அடி. பெண்ணின் கல்லூரிச் செலவு போக மீதியிருந்த சேமிப்பில்தான் மரவேலை. வந்த டிசைனர் சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. கம்ப்யூட்டரில் அவள் காட்டிய படம் பத்திரிகை அட்டை மாதிரி ஜொலித்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உயரமாக ஒரு மேடை, அதன் முன்னால் மூன்று உயர ஸ்டூல்கள்.

என் மாமியாருக்கு வயது 74. இரண்டு முழங்காலும் தகராறு. ஆனாலும் வாடகை வீட்டில் காபி ஆனதும் கத்தியும் தட்டுமாகச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். காய் நறுக்குவது அவர் இலாகா. ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் அந்த அரை மணியில்தான். படத்தை உற்றுப் பார்த்தவர், "ஏம்மா, நான் எங்க உக்காந்து காய் நறுக்கறது?" என்றார். அந்தப் பெண் ஸ்டூலைக் காட்டினாள். "அப்ப என்னை ரூம்லயே இருக்கச் சொல்றீங்களாக்கும்" என்று அத்தை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஸ்டூலே வேண்டாம்மா. பாட்டி நாற்காலியில உக்காந்தா கைக்கு எட்டற மாதிரி ஒரு பலகை போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்து, அத்தையை உட்கார வைத்தே அளந்தாள். மேடைக்கு அடியில், 29 அங்குல உயரத்தில், இழுத்தால் வெளியே வருகிற பலகை. கீழே கால் நீட்ட இடம். உயர மேடையை விட்டதில் பணமும் மிச்சம். இப்போது என் பெண் அங்கே புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார, அத்தை விரட்ட, தினம் ஒரு பஞ்சாயத்து!

என் உயரத்தையும் அளக்கச் சொன்னேன். நின்றபடி முழங்கையை மடித்தால், அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருப்பது தோளுக்கும் இடுப்புக்கும் நல்லது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு போட்டால், 5 அடி இருப்பவருக்கும் 5 அடி 6 அங்குலம் இருப்பவருக்கும் ஒத்துவருமா? கிரைண்டர் எங்கே, பிளக் எங்கே என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அதைத் தினமும் தூக்கி இறக்க யாரால் ஆகும், சொல்லுங்கள்.

அவள் சொல்லி நாங்கள் கேட்டதும் உண்டு. என் கணவருக்கு ஃபால்ஸ் சீலிங் ஆசை. "உயரமே ஒன்பதரை அடிதான் சார், அதையும் குறைச்சா ஹால் அமுங்கின மாதிரி ஆயிடும்" என்று தனக்கு வரவேண்டிய வேலையைத் தானே வேண்டாமென்றாள். லாமினேட் நிறத்தையும் கடையில் முடிவு செய்ய விடவில்லை. மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பகலில் ஒரு தடவை, ராத்திரி விளக்கில் ஒரு தடவை பார்க்கச் சொன்னாள். கடையில் சந்தன நிறமாகத் தெரிந்தது இங்கே சாம்பல் பூத்துக் கிடந்தது.

பண விஷயத்தில் மட்டும் கூச்சமே கூடாது. முகப்பின் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்கு ரேட் சொன்னார்கள். 7 அடி உயரம், 6 அடி அகல அலமாரி என்றால் 42 சதுர அடி. உள்தட்டு, டிராயர், கீல், கைப்பிடி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்கு மொத்தம் 240 சதுர அடி. அடிக்கு 100 ரூபாய் ஏறினால் 24,000 ரூபாய் ஆச்சே! தண்ணீர் படுகிற சிங்க் அடிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேட்டோம். பலகை வந்து இறங்கிய அன்றே, அறுப்பதற்கு முன்னால், முத்திரையைப் பார்த்துவிட வேண்டும். லாமினேட் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யார் கண்டது?

பணத்தையும் தவணையாகப் பிரித்தோம். கடைசிப் பத்து சதவீதம், எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான். இரண்டு டிராயர் இடித்தன; பாக்கி நம் கையில் இருந்ததால் மறுநாளே தச்சர் வந்து நின்றார். மிஞ்சிய லாமினேட் துண்டுகளையும் இரண்டு கீல்களையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாக்களுக்கு இந்த 900 சதுர அடியில் இடம் பிடித்தது தனிக் கதை. அது அடுத்த இதழில்.