கொள்ளைநோயும் நாடுகளின் காவலும்

நாட்டிற்கு அணியாவன ஐந்தினை எண்ணிய திருவள்ளுவர், பிணியின்மையை அவற்றுள் முதற்கண் வைத்தார். செல்வமும் விளைவும் இன்பமும் காவலும் அதன் பின்னரே வந்தன. வகுப்பறையில் இதனைப் பலமுறை விளக்கியுள்ளோம். ஆயினும், அம்முறைவைப்பின் பொருள் எமக்கு உள்ளவாறு விளங்கியது 2020ஆம் ஆண்டிலேயாம்.

விழா மலரொன்றில் நோயைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். விழா மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்த்தற்கும் உரியது. எமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று கொழும்பிலும், இலண்டனிலும், தொரன்ரோவிலும், சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். கொவிட்-19 நோய் உலகெங்கும் பரவிய காலத்தில் அவருட் பலர் தொலைபேசி வாயிலாக எம்மோடு அளவளாவினர். தாம் வாழும் நாடு பிறநாடுகளினும் நன்றாகத் தன்னைக் காத்துக்கொண்டதென்று பெருமை பேசியோரும் உளர். தம் நாட்டரசின் அசட்டையை நொந்துகொண்டோரும் உளர். ஓராண்டு கழியுமுன் பெருமை பேசியோர் சிலர் வாயடங்கினர். நொந்தோர் சிலர் ஆறுதலடைந்தனர். நாடுகளை ஒப்பிடுதல் எத்துணை எளிது, முறையாக ஒப்பிடுதல் எத்துணை அரிது என்பதை அவ்வுரையாடல்கள் எமக்கு உணர்த்தின.

ஒப்பிடுதல் தவறன்று, அஃது அறிவின் வாயில்களுள் ஒன்று. ஆனால், இறப்பு மிகுந்த நாட்டார் மதியீனர் என்றும், குறைந்த நாட்டார் மதியுடையார் என்றும் உடனே தீர்ப்புக் கூறுதல் தவறாகும். எமது இலங்கையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1934ஆம் ஆண்டின் இறுதியிலும் 1935ஆம் ஆண்டின் முற்பகுதியிலும் மலேரியா நோய் ஏறக்குறைய 80,000 பேரைக் கொன்றது. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளே பெரிதும் நலிந்தன. ஆண்டுதோறும் மலேரியாவால் வருந்திய அநுராதபுரம் போன்ற உலர்வலயப் பகுதிகளில் அத்துணை அழிவு நேரவில்லை. காரணம் யாது? மழை பொய்த்தமையால், என்றும் நீரோடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்புகள் பெருகின. அந்நோயை முன் அறியாத மக்களின் உடலில் அதனை எதிர்க்கும் வலி இருக்கவில்லை. உலர்வலயத்தாரோ இளமை முதல் அந்நோயோடு போராடி ஓரளவு வலி பெற்றிருந்தனர். இங்கே கேகாலையார் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆற்றையும் மழையையும் நோக்காது மக்களைப் பழித்தல் அறமாகாது.

ஆதலின், ஒத்தனவற்றையே ஒப்பிடல் வேண்டும். நிலமும் நீரும், மொழியும் உணவும், குலமும் ஒழுக்கமும் ஒன்றாயிருக்க, ஆட்சி மட்டும் வேறாயுள்ள இரு நாடுகள் கிடைப்பின், அவற்றின் வேற்றுமை எமக்கு உண்மையைக் கூறும். அத்தகைய இரு நாடுகள் பசிபிக் சமுத்திரத்தில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே உள்ளன. அவையே இரு சமோவாக்கள்.

சமோவாத் தீவுகள் 1899ஆம் ஆண்டில் வல்லரசுகளாற் பங்கிடப்பட்டன. கிழக்குப் பகுதி அமெரிக்கருக்கும் மேற்குப் பகுதி ஜேர்மனியருக்கும் உரியவாயின. 1914ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போர் மூண்டதும், மேற்குச் சமோவாவை நியூசிலாந்துப் படையினர் கைப்பற்றினர். இரண்டுக்கும் இடைப்பட்ட கடல் நூறு மைலினுங் குறைந்தது. இருகரையிலும் வாழ்ந்தோர் ஒரே மொழியினர்; ஒருவர்க்கொருவர் உறவினர்.

1918ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி, ஓக்லாந்திலிருந்து புறப்பட்ட ‘தலூன்’ என்னுங் கப்பல் மேற்குச் சமோவாவின் அப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. அதில் இன்புளுவென்சாக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டோர் இருந்தனர். ஆயினும், பயணிகள் தடையின்றிக் கரையிறங்க விடப்பட்டனர். இரண்டு மாத காலத்துள் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டனர். அத்தொகை மக்களுள் ஐந்திலொரு பங்கினும் மிகுதியாகும். மாண்டோரைப் பெருங்குழிகளில் ஒருங்கே புதைத்தனர். நோய்வாய்ப்பட்டோர்க்கு உணவு தேடிக் கொடுப்பாருமின்றிப் பல வீடுகள் கிடந்தன. ஊர்த்தலைவர்களும் முதியோர்களும் பெருந்தொகையினராய் மறைந்தமையால், வழிவழி வந்த அறிவும் அவரோடு மறைந்தது.

கிழக்குச் சமோவாவில் அக்காய்ச்சலால் ஒருவரேனும் இறந்திலர்.

இதனை வாசிப்போர் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரே கடல், ஒரே காற்று, ஒரே குலத்தார். ஒரு கரையில் ஐவருள் ஒருவர் மாண்டார். மறு கரையில் எவரும் மாண்டிலர். இதனை விதியென்று கூறி அமைதியடைதல் எங்ஙனம்?

கிழக்குச் சமோவாவின் ஆளுநராயிருந்தவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரியான ஜோன் போயர் என்பவர். நோய் பரவுதலைக் கம்பியில்லாத் தந்திச் செய்திகளால் அறிந்த அவர், வருங் கப்பல்களைத் தடுத்து, வந்தோரைத் தனியே வைத்துப் பரிசோதிக்கக் கட்டளையிட்டார். மேற்குச் சமோவாவை ஆண்ட லோகன் என்னும் படையதிகாரி அவ்வாறு செய்திலர். நடுநிலை பிறழாது கூறுமிடத்து, பழி முழுவதும் அவர் ஒருவர்மேற் சார்வதன்று. தலூன் கப்பல் புறப்பட்ட ஓக்லாந்திலிருந்து அவருக்கு எச்சரிக்கை எதுவும் அனுப்பப்படவில்லை. ஆயினும், மக்கள் மடிந்துகொண்டிருக்க, போயர் மருத்துவ உதவி அளிக்க முன்வந்தபோது அதனை ஏற்காது விட்டமைக்கு என்ன சமாதானங் கூற முடியும்?

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் போயரின் கட்டளையைப் புகழ்ந்து அமைவர். அவருக்கு அமெரிக்க அரசு கடற்படைச் சிலுவை விருதும் வழங்கியது. ஆனால், எமது கருத்திற் கட்டளை மட்டும் அத்தீவைக் காத்ததன்று. நீண்ட கடற்கரை முழுவதையுங் காக்கும் அளவிற்கு அவரிடம் ஆட்கள் இருந்திலர். ஊர்த்தலைவர்களும் ஊரவர்களுமே கரையோரங் காவல் புரிந்து, மேற்கிலிருந்து வரும் படகுகளைத் தடுத்தனர். அப்படகில் வருவோர் அந்நியரல்லர். தம் மாமனும் மைத்துனனும் ஆகலாம். உறவினனைக் கரையேறாதே என்று கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! அக்கட்டளை தம் நன்மைக்கே என்று நம்பாத மக்கள் அதனைச் செய்திரார். கட்டளை ஆளுநருடையது, காவல் மக்களுடையது. மக்கள் தமதெனக் கொள்ளாத காவல் இரவிற் கதவு திறந்த வீட்டை ஒக்கும்.

நம்பிக்கை இழந்த கதை மேற்குக் கரையில் நெடுங்காலந் தொடர்ந்தது. தம்மை நியூசிலாந்தின் ஆட்சியினின்றும் மாற்றுமாறு அங்குள்ள தலைவர்கள் விண்ணப்பித்தனர். பின்னர் எழுந்த விடுதலை இயக்கத்துக்கு அக்கொள்ளைநோயின் நினைவும் ஊக்கமளித்தது. 1962ஆம் ஆண்டில் மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றது. 2002ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியா நகருக்குச் சென்று, தலூன் கப்பலை அனுமதித்தமைக்கும் பிற தவறுகளுக்குமாக மன்னிப்புக் கோரினார். இடைப்பட்டவை எண்பத்து மூன்று ஆண்டுகள்.

ஆண்டவரின் நாடாகிய நியூசிலாந்துதான் தப்பியதோ எனின், அதுவுமன்று. அங்கே ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். முன்னதாகவே துறைமுகங்களிற் காவல் வைத்த அவுஸ்திரேலியாவுக்குள் நோய் 1919ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பரவியது. இறப்பு வீதமும் நியூசிலாந்தின் வீதத்திற் பாதியினுங் குறைந்திருந்தது. அன்றியும், நியூசிலாந்தில் மாவோரி மக்கள் ஐரோப்பியரைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு வீதத்தில் இறந்தனர். நாடு முழுவதற்கும் ஒரு சராசரி கணித்துக் கூறுவோர் இவ்வெட்டு மடங்கை மறைத்துவிடுகின்றனர். இரு நாடுகளை ஒப்பிடுமுன், ஒரு நாட்டினுள்ளே இருக்கும் இரு நாடுகளை நாம் காணக் கற்றல் வேண்டும்.

நூறு ஆண்டுகள் சென்றன. சமோவா மீண்டும் ஒருமுறை சோதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில், தடுப்பூசி மருந்தை நீருக்குப் பதிலாக வேறொரு மருந்தோடு தவறுதலாகக் கலந்து ஏற்றியமையால் இரு குழந்தைகள் இறந்தன. அரசாங்கம் தடுப்பூசி வேலையைப் பல மாதங்கள் நிறுத்திற்று. தாய்மார் நெஞ்சில் அச்சங் குடிகொண்டது. அவ்வச்சத்தை வளர்ப்பதற்கென்றே பொய்யுரை பரப்புவோரும் தோன்றினர். தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் தொகை மூன்றிலொரு பங்கினுங் குறைந்தது. 2019ஆம் ஆண்டிற் சின்னமுத்து நோய் வந்தபோது 83 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள். அதே காலத்தில் அயலிலுள்ள தொங்காவுக்கும் பீஜிக்கும் அமெரிக்கச் சமோவாவுக்கும் அந்நோய் சென்றது. அங்கெல்லாம் பெரும்பாலான குழந்தைகள் தடுப்பூசி பெற்றிருந்தமையால் ஒருவரும் இறந்திலர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்திற் சமோவா அரசாங்கம் அலுவலகங்களை மூடி, தடுப்பூசி பெறாதோர் உள்ள வீடுகளின் முன் செந்துணி கட்டுமாறு வேண்டியது. ஊழியர் வீடு வீடாகச் சென்றனர். மக்களும் முன்வந்தனர். ஆனால், இறந்த குழந்தைகள் மீண்டு வாரா.

இதன் பின்னர் கொவிட்-19 வந்தது. சமோவா 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே தன் எல்லைகளை அடைத்துக்கொண்டது. இரண்டாண்டுகள் கழிந்து, 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நோய் ஊரினுட் பரவியபோது, வயது வந்தோருட் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தனர். பேரழிவு நேரவில்லை. பட்டறிவை மறவாத நாடு தன்னைக் காத்துக்கொண்டது. 1918இல் வீழ்ந்ததும், 2019இல் வருந்தியதும், 2020இல் நிமிர்ந்ததும் ஒரே நாடுதான். ஆதலின், நற்பெயரும் பழியும் எந்த நாட்டிற்கும் முதுசொம்மாக எழுதி வைக்கப்பட்டவையல்ல.

எமது நாட்டிற்கும் இது பொருந்தும். 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சுகாதார உத்தியோகத்தர் ஊரூராய்த் திரிந்து உழைத்தனர். அவ்வாண்டு ஒக்டோபர் தொடங்கும்வரை இறந்தோர் இருபதின்மர்க்கும் குறைந்தோரே. உலகோர் எம்மைப் புகழ்ந்தனர். நாமும் எம்மைப் புகழ்ந்தோம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முடிவிலோ நாளொன்றுக்கு இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈற்றில் இறந்தோர் தொகை 16,000ஐக் கடந்தது. முதல் வெற்றியில் மயங்கியோர்க்கு இரண்டாம் ஆண்டு தக்க விடையளித்தது.

வேறொன்றையும் மறைத்தலாகாது. இந்நோயால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், இந்நாட்டில் 2020 ஏப்ரில் முதல் 2021 பெப்ரவரி வரை எல்லா உடல்களும் எரியூட்டப்பட்டன. முஸ்லிம் சகோதரர் தம் குழந்தைகளையும் பெற்றோரையும் தம் சமய நெறிப்படி அடக்கஞ் செய்ய இயலாது கண்ணீர் வடித்தனர். 2024ஆம் ஆண்டில் அதற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை இணங்கியது. இறந்தபின் தன் உடலுக்கு என்ன நேருமோ என அஞ்சுபவன், நோயுற்றபோது வைத்தியசாலையை நாடத் தயங்குவான் என்பதை அறிதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. எரியூட்டுதலே எமது சைவ மரபாயிருக்க, எமக்கு இழப்பில்லை என வாளாவிருந்தோர் எம்மிடையேயும் இருந்தனர். அது சைவத்துக்குப் பெருமை தருவதன்று. ஒரு சாராரின் நம்பிக்கையை இழந்த காவல் எல்லோர்க்கும் உரிய காவலாகமாட்டாது.

இனி நாம் செய்யவேண்டுவது யாது? பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பஞ் செய்கின்றோம். கட்டடங்களும் கேடயங்களும் கல்லூரிக்கு வேண்டியனவே. அவற்றோடு, 2020, 2021ஆம் ஆண்டுகளில் எமது ஊர்கள் ஒவ்வொன்றிலும் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து நூலகத்தில் வைத்தற்கும் ஆவன செய்தல் வேண்டும். எந்த ஊரில் எத்தனை பேர் இறந்தனர்? ஊரடங்கிய நாள்களில் அன்றாடங் கூலி செய்வோர் வீட்டில் உலையேற்றியவர் யாவர்? மருத்துவமாதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும், கிராம அலுவலரும் எவ்வாறு உழைத்தனர்? பாடசாலை மூடப்பட்டபோது, கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகள் எத்தனை மாதக் கல்வியை இழந்தனர்? நோயுற்ற வீட்டாரை ஒதுக்கிவைத்த ஊர் எது, அவர்க்கு வேலிக்கு மேலால் உணவு நீட்டிய ஊர் எது? எமது வெற்றிகளை எழுதுவது போலவே எமது குற்றங்களையும் ஒளியாது எழுதுதல் வேண்டும். அறிந்தோர் முதுமையடைந்து மறையுமுன் இதனைச் செய்தல் நன்று.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வாராது என்று கூறுவாரும் இல்லை. அன்று எமது மாணவர் சிலர் வைத்தியராயும், சிலர் அதிகாரிகளாயும், பலர் பெற்றோராயும் இருப்பர். கட்டளையிடுவோர் மக்கள் நம்பத்தக்க உண்மையைக் கூறுவோராயும், கேட்போர் பொய்யுரைக்கு இரையாகாதவராயும் இருப்பின், கரைக்காவல் தானே அமையும். அத்தகையோரை ஆக்குதல் நோய் வந்தபின் செய்யும் வேலையன்று. வகுப்பறையில் நாள்தோறும் செய்யும் வேலை. அவ்வேலையை எமது கல்லூரி இன்னும் பல விழாக்கள் கண்டு இனிது நடாத்துமாறு இறைவன் அருள்புரிவானாக.