நுழைந்தோர் கணக்கு எங்கே?

ஒரு பாடசாலையின் தரத்தை அதிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோரின் தொகையை மட்டும் கொண்டு நிறுத்தல் நியாயமாகுமா? ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. பரீட்சைப் பெறுபேற்றையே பிள்ளையின் தலைவிதியாக மதித்துப் பழகிவிட்ட எம்மவர்க்கு அந்த விவாதத்திற் கற்க வேண்டிய பாடம் உண்டு.

1991 ஆம் ஆண்டில் அந்நாட்டின் மினசோட்டா மாநிலம் புதியதொரு சட்டத்தை இயற்றியது. பொதுப் பணத்திலே, கட்டணமின்றி, ஆனால் வழக்கமான கல்விச் சபையின் நேரடி ஆட்சிக்கு உட்படாது பாடசாலை நடத்தச் சாசனம் வழங்குவதே அச்சட்டத்தின் நோக்கம். வாக்களித்த பயனைக் காட்டத் தவறின் சாசனம் பறிக்கப்படும். முதலாவது சாசனப் பாடசாலை 1992 இல் திறக்கப்பட்டது. பின்னர் இம்முறை நாடெங்கும் பரவியது. இடங்களிலும் விண்ணப்பங்கள் மிகுந்தால் திருவுளச்சீட்டு மூலம் பிள்ளைகளைச் சேர்த்தல் வழக்கம்.

பயனைக் காட்டினாலன்றி உயிர்வாழ முடியாத நிறுவனம், காட்டுவதற்கு இலகுவான பயனையே தேடும். புதிய உயர்தரப் பாடசாலைகளுக்கு அத்தகைய பயனாக வாய்த்தது பல்கலைக்கழக அனுமதிக் கடிதம்.

சிக்காகோ நகரின் வறிய கறுப்பின மக்கள் வாழும் எங்கிள்வூட் பகுதியில் ‘அர்பன் பிரெப்’ என்னும் ஆண்கள் சாசனப் பாடசாலை 2006 இல் தொடங்கிற்று. 2010 இல் அதன் முதலாம் அணி மாணவர் 107 பேரும் நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு அனுமதி பெற்றனர். சேர்ந்தபொழுது இவர்களுள் நூற்றுக்கு நால்வரே வகுப்புக்கேற்ற வாசிப்புத் திறன் உடையோராயிருந்தனர் எனப் பாடசாலை கூறிற்று. பத்திரிகைகள் புகழ்ந்தன, அரசியல்வாதிகள் மேடைதோறும் எடுத்தோதினர். ஆனால், அப்பாடசாலை மாணவர் மாநிலப் பரீட்சையில் நகரின் ஏனைய பொதுப் பாடசாலை மாணவருக்கு மிகவும் பின்தங்கியே நின்றனர் என்பதைக் கல்வி வரலாற்றாசிரியர் டயன் ராவிட்ச் 2011 இல் சுட்டிக்காட்டினார்.

இரண்டும் உண்மையே. ஆயின் எதனை நம்புவது? வாசிக்கத் தடுமாறிய சிறுவனைக் கைப்பிடித்துப் பாதிவழி கொண்டுசேர்த்த ஆசிரியரின் உழைப்பைப் பரீட்சைப் புள்ளி மறைத்துவிடுகிறது. மீதிப் பாதிவழி இன்னும் கிடக்கின்றது என்பதை அனுமதிக் கடிதம் மறைத்துவிடுகிறது. தனித்து நிற்கும் எந்த எண்ணும் அரைச் சாட்சியே.

நியூயோர்க்கிலே ‘சக்சஸ் அகடமி’ 2006 இல் ஆரம்பமானது. 2018 இல் அதன் முதலாம் அணி பட்டயம் பெற்றபொழுது அனைவரும் பல்கலைக்கழக அனுமதி பெற்றிருந்தனர். அனைவர் எனின் எத்தனை பேர்? 16 பேர். முதலாம் வகுப்பில் அந்த அணி 73 பிள்ளைகளோடு தொடங்கியது. இடம் பெயர்ந்தோரும், கடும் ஒழுங்குவிதிகளைத் தாளாது விலகினோருமாகப் பலர் இடையிலே கழிந்தனர். நான்காம் வகுப்புக்குப் பின் வெற்றிடங்களை நிரப்பாமை அன்று அப்பாடசாலையின் கொள்கையாயிருந்தது. ஹூஸ்டன் நகரின் ‘யெஸ் பிரெப்’ பாடசாலைகளோ, பல்கலைக்கழக அனுமதி பெற்றாலன்றிப் பட்டயம் இல்லையென்றே விதித்திருந்தன. அவ்விதியின்கீழ், பட்டயம் பெற்றோருள் நூற்றுக்கு நூறு பேர் அனுமதி பெற்றனர் என்பதில் வியப்பென்ன?

பத்துப் பரப்பு விதைத்து, நீர் தேங்கி அழிந்த ஆறு பரப்பை மறைத்து, எஞ்சிய நாலு பரப்பின் விளைச்சலை மட்டும் சொல்லும் கமக்காரனை அயலவன் நம்பான். கடும் நோயாளரை வேறிடம் அனுப்பிவிட்டு, தன்னிடம் வந்தோர் எவரும் இறந்திலர் எனப் பெருமைகொள்ளும் வைத்தியரை அவருடைய சக வைத்தியரே மதியார். பாடசாலைக்கு மட்டும் வேறு நீதி எதற்கு?

நேர்மையான கணக்கும் அந்நாட்டிலே உண்டு. 1994 இல் ஹூஸ்டனில் இரு இளம் ஆசிரியர் தொடங்கிய ‘கிப்’ பாடசாலைகள் 2011 இல் தம் கணக்கைத் தாமே வெளியிட்டன. பத்தாண்டுகளுக்கு முன்னர் தம்மிடம் நடுநிலை வகுப்பை முடித்தோருள், நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் உயர்கல்வி நிலையம் புகுந்திருந்தனர். நான்காண்டுப் பட்டம் பெற்றோரோ நூற்றுக்கு 33 பேரே. வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் நாடளாவிய நிலையோடு ஒப்பிடின் அது சிறந்த சாதனை. எனினும் தமக்கு அது போதாதென்று அவர்களே கூறினர். பட்டம் பெறும்வரை மாணவரைத் தொடர்ந்து துணைசெய்யும் கடமையையும் ஏற்றனர்.

பொஸ்டன் நகரிலே ஆய்வாளர், திருவுளச்சீட்டில் இடம் பெற்ற பிள்ளைகளையும் பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். இரு சாராரும் விண்ணப்பித்தோரே. அதிட்டம் ஒன்றே வேறுபாடு. சாசனப் பாடசாலை சென்றோரின் பரீட்சைப் புள்ளி உயர்ந்தது. ஈராண்டுக் கல்லூரிக்குப் பதிலாக நான்காண்டுப் பல்கலைக்கழகம் நாடியோரும் பெருகினர். ஆகவே இப்பாடசாலைகள் யாவும் வெறும் வேடம் என்று தள்ளுவதும் தவறு. உண்மையான நன்மை உண்டு. அதனைக் காட்டவல்லது நேரிய ஒப்பீடே.

இனி எம் வீட்டு வாயிலைப் பார்ப்போம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் மதில்களிலே பதாகைகள் ஏறுகின்றன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையால் வடித்தெடுத்த பிள்ளைகளைப் பெற்ற பெருங் கல்லூரியையும், எஞ்சியோரை ஏற்ற கிராமத்து வித்தியாலயத்தையும் அப்பதாகைகளைக் கொண்டே ஒப்பிடுகிறோம். தனியார் வகுப்பில் வாங்கிய புள்ளியையும் பாடசாலையின் கணக்கிலேயே எழுதுகிறோம். மாவட்ட அடிப்படையிலும் இடங்கள் பங்கிடப்படுவதால், ஒரே இசட் புள்ளி ஒரு மாவட்டத்தில் வாயிலைத் திறந்து மற்றொன்றில் அடைப்பதையும் மறந்துவிடுகிறோம்.

பெற்றோரும் பழைய மாணவர் சங்கத்தினரும் அதிபர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர்? சேர்ந்தபொழுது அவர்களின் நிலை என்ன? இடையில் விலகியோர் எங்கே சென்றனர்? பல்கலைக்கழகம் புகுந்தோருள் பட்டம் பெற்று மீண்டோர் எத்தனை பேர்? நான்குக்கும் கணக்குக் காட்டும் பாடசாலை, பல்கலைக்கழகத்துக்கு ஐவரையே அனுப்பியிருப்பினும் எமது மதிப்புக்கு உரியது. பதாகையில் முகம் ஏறாத பிள்ளையும் எமது பிள்ளையே. அப்பிள்ளைக்கும் கணக்குச் சொல்லும் கடமை பாடசாலைக்கு உண்டு.