துப்பாக்கி வாங்கும் பட்ஜெட்

நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கி ஆட்டங்களைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரே அபிப்பிராயம்தான். கண் கெடும், புத்தி கெடும், பரீட்சையில் மார்க் குறையும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுடும் சத்தத்தில் நாம் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஆட்டத்துக்குள்ளே ஒரு குடும்ப பட்ஜெட் நடக்கிறது. மாதக் கடைசியில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் நாம் போடும் கணக்குக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

1999-இல் இரண்டு இளைஞர்கள் வேறொரு ஆட்டத்தின் மேல் கட்டி வெளியிட்ட கவுன்ட்டர்-ஸ்டிரைக்தான் இந்த வழக்கத்தைப் பரப்பியது. இப்போது பிள்ளைகள் விரும்பி ஆடும் வாலரண்ட் 2020 ஜூன் மாதம் வந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். 13 சுற்று ஜெயித்தவர் வென்றவர். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கடை திறக்கும். கையிலிருக்கும் ஆட்டப் பணத்துக்குத் தக்கபடி ஆயுதம் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரணக் கைத்துப்பாக்கி இலவசம். நல்ல துப்பாக்கியான வேண்டலுக்கு விலை 2900, கனமான கவசத்துக்கு 1000. தூரத்திலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தும் ஆபரேட்டர் 4700.

முதல் சுற்றில் ஆளுக்கு 800 தருகிறார்கள். ஜெயித்தால் ஆளுக்கு 3000 வரும். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் 1900. இங்கேதான் புத்தி வேலை செய்ய வேண்டும். 800-ஐயும் செலவழித்துத் தோற்ற ஒருவன் கையில் இப்போது இருப்பது 1900 மட்டுமே. உடனே 1600 கொடுத்து ஸ்பெக்டர் என்ற நடுத்தரத் துப்பாக்கியை வாங்கலாம். வாங்காமல் இலவசக் கைத்துப்பாக்கியோடு அந்தச் சுற்றை ஓட்டவும் செய்யலாம். அடுத்தடுத்துத் தோற்றால் உதவித்தொகை 2400 ஆக உயரும். வாங்காதவன் கையில் மூன்றாம் சுற்றில் 4300 இருக்கும். 2900-க்குத் துப்பாக்கி, 1000-க்குக் கவசம், மீதி 400-க்குப் புகைக்குண்டு முதலானவை. கணக்குக் கச்சிதம். ஸ்பெக்டர் வாங்கியவன் கையில் 2700தான். வேண்டலுக்கு 200 குறைவு!

ஐந்து பேரில் நான்கு பேர் பொறுத்திருக்க, ஒருவன் மட்டும் ஆசைப்பட்டு வாங்கினால் என்ன ஆகும்? அவன் தனியாக ஜெயிக்கவும் முடியாது. மூன்றாம் சுற்றில் மற்ற நால்வருக்கும் சுமையாகவும் நிற்பான். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் தவணையில் கார் வாங்கினால் வீட்டுக் கணக்கு என்ன ஆகுமோ, அதேதான். நல்ல அணியில் முதலில் பேசி முடிவு செய்கிறார்கள். 'இந்தச் சுற்று சேமிப்பு' என்றால் ஐவரும் சேமிப்பு. பணம் அதிகம் உள்ளவன் இல்லாதவனுக்கும் ஒரு துப்பாக்கி வாங்கித் தருகிறான். 9000-க்கு மேல் யாரும் சேர்த்து வைக்கவும் முடியாது.

இன்னொரு வேடிக்கை. 12 சுற்று முடிந்ததும் பக்கம் மாறும். அப்போது கையிலிருக்கும் பணம் போய் எல்லோரும் மறுபடி 800-இல் தொடங்க வேண்டும். ஆகவே 12-ஆவது சுற்றில் சேமிப்பவன் ஏமாளி. மார்ச் 31-க்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும் என்று அறிந்த மத்திய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை!

எப்போது பொறுப்பது, எப்போது துணிந்து செலவழிப்பது, யாருக்காக விட்டுக்கொடுப்பது என்று தினமும் பழகும் பிள்ளைகளை 'காசின் அருமை தெரியாதவர்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்குத் தெரியும். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆட்டத்துக்கு வெளியே ஏன் வருவதில்லை என்பதே என் கேள்வி.

ஏனென்றால் அதே ஆட்டத்தில் இன்னொரு கடையும் இருக்கிறது. அங்கே செல்வது ஆட்டப் பணமல்ல, அப்பாவின் நிஜப் பணம். துப்பாக்கிக்கு 'ஸ்கின்' என்று பளபளப்பான மேற்பூச்சு விற்கிறார்கள். அதனால் குண்டின் வலிமை ஒரு துளியும் கூடாது. துப்பாக்கிக்கு ஜரிகை வேஷ்டி கட்டுவது போலத்தான்! தினமும் நான்கு பூச்சுகளைக் காட்டி, 24 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். 'இன்று விட்டால் கிடைக்காது' என்ற சரோஜினி நகர் மார்க்கெட் தந்திரமேதான். பேரம் மட்டும் பேச முடியாது. கவுன்ட்டர்-ஸ்டிரைக்கில் 2013 முதல் நிலைமை இன்னும் மோசம். சாவி வாங்கிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிக்குத் தடை வந்ததன் காரணம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைப் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் சூதாட்டம் என்றே சொன்னது.

2025 ஆகஸ்ட்டில் நம் நாட்டில் வந்த சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, மின் விளையாட்டுகளை அங்கீகரித்தது. துப்பாக்கிக்கு வேஷ்டி வாங்குவதைக் கட்டுப்படுத்துவது வீட்டின் பொறுப்பு.

அதற்கு ஆட்டத்தைப் பிடுங்கி எறிய வேண்டாம். ஐரோப்பாவில் வாலரண்டை 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியதாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதை நாமும் மதிக்கலாம். யூபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டி கையில் வைத்துவிட்டுப் போகும் பணத்துக்கும் கணக்கு எழுதச் சொல்லலாம். முக்கியமாக, வீட்டு பட்ஜெட் போடும் நாளில் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். பள்ளிக் கட்டணம் இவ்வளவு, ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட் இவ்வளவு, தங்கையின் பாட்டு வகுப்புக்கு இவ்வளவு என்று எண்களைக் காட்டினால், ஐந்து பேர் பர்ஸையும் ஒரே பார்வையில் எடை போடத் தெரிந்த பிள்ளைக்கு நான்கு பேர் குடும்பத்தின் கணக்குப் புரியாமல் போகாது. 'இந்த மாதம் நமக்குச் சேமிப்புச் சுற்று' என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லிப் பாருங்கள். நம்மைவிடச் சீக்கிரம் தலையாட்டுவார்கள்.