வாய்க்காலின் கரடும் ஊரின் கடனும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையிலுள்ள களுவாஞ்சிக்குடியில் குடியிருக்கும் எம்மவர் பலர்க்கு வயல் படுவான்கரையிலே உள்ளது. நவகிரிக் குளத்தின் மதகு திறந்த பின்பே அவர் மனம் ஆறுதல் அடையும். ஆகவே, வாய்க்காலில் நீர் எவ்வாறு ஓடுகின்றது என்பது பொறியியலாளர்க்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சி அன்று. சோறுண்ணும் யாவர்க்கும் உரியது. பழைய மாணவருட் பலர் பொறியியலாளராயும் உத்தியோகத்தராயும் கமக்காரராயும் விளங்குதலின், இவ் விழா மலரில் அதனைப் பேசுதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

கடைக்கண்டத்தில் வயல் உடையோர் ஆண்டுதோறும் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு: ‘மேலே இருப்பவர்கள் தண்ணீரை மறித்துவிட்டார்கள்’ என்பதே அது. சில வேளை அஃது உண்மையாதலும் கூடும். ஆயின், மறிப்பவர் மனிதர் மாத்திரமல்லர். வாய்க்காலின் தரையும் மறிக்கின்றது.

நீர் சரிவினால் ஓடுகின்றது. தரையின் கரடு அதனைப் பின்னிழுக்கின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகருக்கு நீர் கொணரும் வேலையில் ஈடுபட்ட அந்துவான் ஷெசி என்பார் கணக்காக்கினார். பின்னர், 1889இல், அயர்லாந்துப் பொறியியலாளர் இராபர்ட் மானிங் இன்று உலகெங்கும் வழங்கும் சூத்திரத்தை வெளியிட்டார். கணக்கெழுதும் வேலையிலிருந்து பொறியியலுக்கு வந்தவர் அவர். அவர் சூத்திரத்தின்படி, சரிவும் நீரின் ஆழமும் மாறாதிருக்க, தரையின் கரட்டெண் எத்தனை மடங்கு கூடுகின்றதோ அத்தனை மடங்கு நீரின் வேகம் குறையும்.

அவ்வெண் மழமழப்பான கொங்கிறீற்று வாய்க்காலுக்கு ஏறக்குறைய 0.013, துப்புரவான மண் வாய்க்காலுக்கு 0.025 அளவு, புல்லும் சம்பும் மண்டிய வாய்க்காலுக்கு 0.050ஐயும் கடக்கும். 0.025 என்பது 0.050 ஆயின் வாய்க்காலிற் செல்லும் நீர் பாதியாகும். அதே அளவு நீரைச் செலுத்த வேண்டுமாயின், அகன்ற வாய்க்காலில் ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர வேண்டும். அப்பொழுது கரை உடையும். மேலும், மந்தமான நீரில் வண்டல் படியும். வண்டலிற் புல் முளைக்கும். புல் நீரை மேலும் மந்தமாக்கும். சரிவு குறைந்த எம் சமவெளியில் இத்தீமை விரைந்து வளரும்.

இதற்கு மருந்து உண்டு என்பதை அயலிலுள்ள கல்லோயா காட்டிற்று. சேனநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்த காலத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் கமக்காரரை அமைப்புகளாக ஒன்றுசேர்க்க உதவின. 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத் தொடக்கத்திற் சமுத்திரத்தில் இருந்தது கொள்ளளவின் காற்பங்களவு நீரே. கமக்காரர் கூலி பெறாது வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறை வைத்துப் பாய்ச்சினர். மிஞ்சியதைக் கீழுள்ளோர்க்கு விட்டனர். மேலே பாய்ச்சியோர் சிங்களக் கமக்காரர். கீழே பயன் பெற்றோருட் தமிழரும் இருந்தனர். நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். சட்டமும் காவலும் எளிதிற் செய்யாததை மண்வெட்டி செய்தது!

அங்ஙனமாயின் எல்லா வாய்க்கால்களையும் கொங்கிறீற்றால் மூடிவிடலாமே என்பாரும் உளர். அதற்கு யாம் உடன்படோம். விரைந்தோடும் வெள்ளம் அடுத்த ஊரை விரைந்து சேரும். மண் வாய்க்காலிலிருந்து கசியும் நீர் அயற் கிணறுகளை ஊட்டுவதும் உண்டு. கரையிற் படர்ந்த புல் மண்ணைக் காக்கும். வாவியோரக் கண்ணாமரங்களின் வேரிடையே மீன்குஞ்சு வளரும். கரடு முழுவதும் பகையன்று. நீரைச் செலுத்த வேண்டிய தரையில் அதனைக் களைதலும், நீரைத் தணிக்க வேண்டிய கரையில் அதனைப் பேணுதலுமே அறிவுடைமை.

எனவே மூன்று கருத்துக்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலும், மதகு திறக்கும் நாளுக்கு முன்னே துப்புரவு நாளையும் குறித்தல் வேண்டும். வட்டவிதானைமார் அதனைக் கடைக்கண்டத்திலிருந்து தொடங்குவிக்க வேண்டும். இரண்டாவது, மேல்வகுப்பு மாணவர் முப்பது மீற்றர் வாய்க்காலை அளந்து, மிதக்கும் தேங்காய்மட்டைத் துண்டொன்று அதனைக் கடக்கும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். மேற்பரப்பு வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவே சராசரி வேகம் எனக் கொள்ளலாம். துப்புரவுக்கு முன்னும் பின்னும் குறித்த எண்கள், மேலோர் கீழோர் வழக்கிற் பொய்யாச் சாட்சியாகும். மூன்றாவது, பொறியியல் கற்ற பழைய மாணவர் ஆண்டிற்கு ஒரு நாளேனும் அவ்வாய்க்காற் கரையில் நின்று மாணவர்க்குக் கணக்கைக் கற்பித்தல் வேண்டும்.

சரிவை மாற்ற எம்மால் இயலாது. மழையைக் கூட்டவும் இயலாது. மானிங்கின் சூத்திரத்தில் எம் கைக்கு எட்டுவது கரட்டெண் ஒன்றே. அதனைக் குறைப்பது ஊரின் கடன். அக் கடனைச் செய்து முடித்த பின்னரே அயலானைப் பழித்தற்கு எமக்கு உரிமை உண்டாகும்.