அடங்காதவன் எல்லாம் ஆபத்தானவன் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படிக்காமலே கும்பிடு போடும் பொம்மையை அனுப்புகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் சில நாட்களாக ஒரே மாதிரி வீடியோக்கள் சுற்றுகின்றன. வெளிநாட்டுப் போலீஸ்காரரிடம் யாரோ வாக்குவாதம் செய்கிறார். விலங்கு மாட்டக் கையைக் கொடுக்க மறுக்கிறார். அடுத்த நொடி டேசர் என்கிற மின்துப்பாக்கி சுடுகிறது. ஆள் வெட்டிய மரம் போலச் சாய்கிறார். கீழே நம்மவர்களின் கைதட்டல். "சொன்னதைக் கேட்டிருந்தா ஷாக் வாங்கியிருக்க மாட்டானே சார்" என்கிறான் என்னிடம் பிளஸ் டூ படித்த தம்பி ஒருவன். "நம்ம ஊர் போலீசுக்கும் இதை வாங்கிக் கொடுக்கணும் மாமா" என்கிறார் மாப்பிள்ளை ஒருவர். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது, தோட்டாவுக்குப் பதிலாக டேசரை எடுப்பது நியாயம். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பது அநியாயம். "எதிர்த்தார்" என்ற சொல் சத்தமில்லாமல் வந்து "ஆபத்தானவர்" என்ற சொல்லின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, கருவியிலிருந்தே தொடங்குகிறேன். டேசரின் விசையை அழுத்தினால் கம்பி கோத்த இரண்டு சிறு ஊசிகள் பாய்ந்து உடம்பிலோ உடையிலோ குத்தி நிற்கும். 50,000 வோல்ட் என்று பெரிதாகச் சொல்வார்கள். வோல்ட் மட்டும் ஆளைக் கொல்லாது, மின்னோட்டத்தையும் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். டேசரின் மின்னோட்டம் குறைவுதான். ஆனால் அது துடிப்பு துடிப்பாகப் போகிறது. பரவலாகப் பயன்பட்ட ஒரு மாடலில் நொடிக்குச் சுமார் 19 துடிப்புகள். ஒருமுறை அழுத்தினால் 5 நொடிகள். அந்த நேரத்தில் மூளை இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. உடம்பு முறுக்கிக்கொள்ளும். கையை ஊன்றித் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட முடியாது. இது ஒரு முறை. இன்னொரு முறையில் ஊசி கிடையாது. கருவியையே உடம்பில் வைத்து அழுத்துவார்கள். அதில் தசை பெரிதாக முடங்காது. வலி மட்டும்தான். வலி கொடுத்துப் பணியவைப்பதே அதன் வேலை.

இப்போது யோசியுங்கள். மின்சாரம் பாயும்போதே "கையைப் பின்னால் கொண்டு வா" என்று கத்துகிறார்கள். தசை தன் பேச்சையே கேட்காத மனிதன் போலீஸ் பேச்சை எப்படிக் கேட்பான்? அவன் துடிப்பதையும் முறுக்குவதையும் பார்த்து "இன்னும் எதிர்க்கிறான்" என்று மறுபடி அழுத்துகிறார்கள். எதிர்ப்பை அடக்க வந்த கருவியே எதிர்ப்பு போன்ற ஒரு காட்சியை உண்டாக்குகிறது. பிறகு அந்தக் காட்சிக்கும் சேர்த்துத் தண்டிக்கிறது.

வெறும் வாதம் என்று நினைக்காதீர்கள். நடந்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கனடா. 2007 அக்டோபர். ராபர்ட் ஜெகான்ஸ்கி என்ற 40 வயது போலந்துக்காரர், தாயோடு வாழ்வதற்காக வான்கூவர் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். ஆங்கிலம் தெரியாது. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுமார் 10 மணி நேரம் உள்ளேயே கிடந்தார். வெளியே காத்திருந்த தாய், மகன் அங்கே இல்லை என்ற பதிலைக் கேட்டு வீடு திரும்பிவிட்டார். நள்ளிரவுக்குப் பிறகு அந்த மனிதர் கலங்கிப்போய் நாற்காலியை நகர்த்தினார், பொருட்களைத் தூக்கி எறிந்தார். 4 போலீஸ்காரர்கள் வந்தார்கள். மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தார். போலீஸ் வந்த அரை நிமிடத்துக்குள் டேசர் பாய்ந்தது. மொத்தம் 5 முறை. தரையில் விழுந்த பிறகும் விடவில்லை. அங்கேயே இறந்துபோனார்.

இரண்டாவது, ஆஸ்திரேலியா. 2023 மே. நியூ சவுத் வேல்ஸில் கூமா என்ற ஊரின் முதியோர் இல்லம். கிளேர் நௌலண்ட் என்ற பாட்டிக்கு 95 வயது. மறதி நோய். எடை 48 கிலோவுக்கும் குறைவு. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும். ஒரு கையில் சமையலறைக் கத்தி. கீழே போடச் சொன்னால் அவருக்குப் புரியவில்லை. சில நிமிடம்கூடப் பொறுக்காமல் போலீஸ்காரர் டேசரைச் சுட்டார். பாட்டி விழுந்து தலையில் அடிபட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். 2024 நவம்பரில் ஜூரி அந்தப் போலீஸ்காரரைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளி என்றது. சிறைத் தண்டனை இல்லை. 2 ஆண்டு சமூகக் கண்காணிப்பும் சமூக சேவையும்தான்.

மூன்றாவது, அமெரிக்கா. 2011இல் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர். மனநோயாளி ஒருவரை அவருடைய அக்கா தங்கைகளில் ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். பயத்தில் அவர் வெளியே வந்துவிட்டார். திரும்ப அழைத்துச் செல்லப் போலீஸ் வந்தது. அவர் யாரையும் அடிக்கவில்லை. சாலையோரப் பலகையின் கம்பத்தைக் கையாலும் காலாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றி 3 போலீஸ்காரர்கள், 2 மருத்துவமனைக் காவலர்கள். 2 நிமிடத்துக்குள் 5 முறை உடம்பில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாரே தவிர விடவில்லை. ஷாக்கை நிறுத்திய பிறகு எல்லாரும் சேர்ந்து கையைப் பிரித்து இழுத்தார்கள், வந்துவிட்டார். முதலிலேயே கையால் செய்திருக்கக்கூடிய வேலை! ஆனால் குப்புறப் படுக்கவைத்து விலங்கிட்ட சிறிது நேரத்தில் மூச்சு நின்றுபோனது.

மொழி தெரியாதவர். நினைவு தவறியவர். மனம் கலங்கியவர். மூன்று பேருமே கட்டளை காதில் விழுந்தும் மனதுக்குப் போய்ச் சேராதவர்கள். "சொன்னதைக் கேட்டிருக்கலாமே" என்ற தம்பியிடம் கேட்கிறேன்: இவர்களில் யார் கேட்டிருக்க முடியும்? டொராண்டோவிலும் மெல்போர்னிலும் இருக்கும் என் மாணவர்களே, உங்களைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறி வரும் அம்மா அப்பாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குடியுரிமை அதிகாரி கேட்கும் கேள்விக்கே தடுமாறுகிறவர்கள், கத்துகிற கட்டளைக்கு என்ன செய்வார்கள்?

வகுப்பறையில் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றவன் நான். ஒருமுறை எங்கள் பள்ளிக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "எழுந்திரு" என்றால் உட்கார்ந்தே இருப்பான். திமிர் பிடித்தவன் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பழமொழியையும் எடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர்தான் அவனை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாக விசாரித்தார். அவனுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மறு காது அரைகுறை. முதல் பெஞ்சுக்கு மாற்றினார். அத்தோடு திமிர் தீர்ந்தது. கீழ்ப்படியாமைக்கு ஆயிரம் காரணம் இருக்கும். பிரம்புக்கு ஒரே காரணம்தான் தெரியும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. பிரம்பு போனால் பள்ளிக்கூடமே போய்விடும் என்றார்கள். பள்ளிக்கூடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"போலீஸும் மனிதர்தானே, அவர் வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்களா?" நியாயமான கேள்வி. என் மாணவர்களிலேயே காவல் துறையில் இருப்பவர்கள் உண்டு. அரிவாளோடு பாய்கிறவன் முன் வெறுங்கையோடு நில் என்று அவர்களுக்குச் சொல்ல நான் யார்? அங்கே டேசர் எடுக்கட்டும். அது இரண்டு பக்கமும் உயிரைக் காக்கும். டேசர் வந்த பிறகு போலீசுக்கும் பிடிபட்டவருக்கும் ஏற்படும் காயங்கள் குறைந்ததாக அமெரிக்க அரசின் நீதி ஆய்வு நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு, கம்பத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை ஆகாது.

"துப்பாக்கியை விட டேசர் மேல் இல்லையா?" மேல்தான், துப்பாக்கி எடுக்க வேண்டிய இடத்தில். ஸ்டேப்ளர் வைத்திருந்தவரிடமோ, கம்பத்தைப் பிடித்திருந்தவரிடமோ யாராவது துப்பாக்கி எடுத்திருப்பார்களா? மாட்டார்கள். அங்கே டேசர் தோட்டாவின் இடத்தில் வரவில்லை. பேச்சின் இடத்தில் வந்தது. மொழிபெயர்ப்பாளரின் இடத்திலும், பாட்டியிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்த ஒரு தாதியின் இடத்திலும் வந்தது. உயிரைக் காப்பாற்ற வாங்கிய கருவி நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியாகிவிட்டது.

"எதிர்த்தார் என்று போலீஸ் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?" ஏன் நம்ப வேண்டும்? பலத்தைப் பயன்படுத்தியவரே "எதிர்த்தார்" என்று அறிக்கையும் எழுதுகிறார். வான்கூவரில் அந்த மனிதரை மல்லுக்கட்டித்தான் தரையில் தள்ளினோம் என்றார்கள். பயணி ஒருவர் எடுத்த வீடியோவில் அவர் ஏற்கெனவே விழுந்து கிடந்தார். விசாரணையில் பொய்சாட்சி சொன்னதற்காக இரண்டு அதிகாரிகள் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள். நம் சாத்தான்குளத்தில் 2020இல் என்ன எழுதினார்கள்? அப்பாவும் பிள்ளையும் தாங்களே தரையில் புரண்டு காயம் பட்டுக்கொண்டார்கள் என்று எழுதினார்கள். கையில் இருந்தது லத்தியா டேசரா என்பது வேறு. எழுதும் பேனா ஒன்றுதான்.

அதனால்தான் மாப்பிள்ளையின் யோசனை எனக்குப் பயமாக இருக்கிறது. கைதுக்குப் பலவந்தமாக எதிர்ப்பு வந்தால் "தேவையான எல்லா வழிகளையும்" போலீஸ் பயன்படுத்தலாம் என்கிறது நம் சட்டம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 46ஆம் பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 43. தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று வேறொரு பிரிவும் இருக்கிறது. எது "தேவை" என்பதை அந்த நிமிடத்தில் முடிவு செய்பவர் யார்? லத்தி அடித்தால் தழும்பாவது இருக்கும்; நீதிபதியிடம் காட்டலாம். டேசர் விட்டுச் செல்வது ஊசி குத்திய புள்ளிதான். தழும்பில்லாத வலியை யாரிடம் காட்டுவது?

சரி, வழி என்ன? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். வான்கூவர் மரணத்தை விசாரித்த ஓய்வுபெற்ற நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தெளிவாகச் சொன்னார்: ஒருவர் உடல் காயம் ஏற்படுத்துகிறார், அல்லது இதோ ஏற்படுத்தப் போகிறார் என்றால் மட்டுமே டேசர், வெறும் எதிர்ப்புக்குக் கூடாது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதை ஏற்று விதியை இறுக்கியது. டேசர் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. அதற்காக அங்கே யாரும் காவல் நிலையத்தை இழுத்து மூடவில்லை. பைன்ஹர்ஸ்ட் வழக்கில் 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது: உடலால் எதிர்ப்பதும் உடனடி ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் அதற்கு முன் சட்டம் இவ்வளவு தெளிவாக இல்லை என்று சொல்லி அந்தப் போலீஸ்காரர்களுக்குப் பொறுப்பிலிருந்து விலக்கும் கொடுத்துவிட்டது. விதி தெளிவாக இல்லாவிட்டால் செத்தவருக்கு நியாயம் கிடைக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விதியை முதலில் எழுதுங்கள், கருவியைப் பிறகு வாங்குங்கள் என்பதே என் கட்சி.

காவல் துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களை எதிரியாக வைத்து இதை எழுதவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். மூன்று இடத்திலும் 5 நிமிடம் பொறுத்திருந்தால் மூன்று உயிர் இருந்திருக்கும். போலீஸ்காரர்களும் கூண்டில் ஏறியிருக்க வேண்டாம். நான் சொல்வதில் நடைமுறைக்கு ஒத்துவராதது எது என்று உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள். பொதுவில் எழுத முடியாதென்றால் போன் செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், கைதட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஆள் யாரைக் காயப்படுத்தப் போகிறான்? விடை "யாரையும் இல்லை" என்றால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மாற்றுக் கருத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் ஆசிரியர்