அனுப்பம்பட்டில் யுரேனஸ்



அத்திப்பட்டு புதுநகரிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். "எங்கள் ஊரில் ராத்திரியும் பகல் மாதிரி லைட் எரிகிறது. நட்சத்திரமே சரியாகத் தெரிவதில்லை. கிரகங்களைப் பார்க்க எங்கே போக வேண்டும்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று சுற்றிலும் விளக்கு எரிகிற ஊர் அது.

எங்கேயும் போக வேண்டாம் பாப்பா, மொட்டை மாடி போதும். ஊர் வெளிச்சம் விழுங்குவது மங்கலான நட்சத்திரங்களைத்தான். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்துமே வெறுங்கண்ணுக்குத் தெரிபவை. அவற்றில் வெள்ளியையும் வியாழனையும் எந்த ஹைமாஸ் விளக்காலும் மறைக்க முடியாது. வெள்ளியை நடுராத்திரியில் தேடாதே. நம்மைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றுவதால் சாயங்காலம் மேற்கிலோ, விடியற்காலம் கிழக்கிலோதான் அது தென்படும். புதனும் அப்படியே, ஆனால் அடிவானத்தை ஒட்டியே நின்று கண்ணாமூச்சி காட்டும். வானத்தில் உயரே, சிமிட்டாமல், ஒரே சீராக ஒளிர்கிறதா? அநேகமாகக் கிரகம்தான்.

அது சரி, அவையெல்லாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? அத்திப்பட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைவிட நல்ல அளவுகோல் கிடையாது. சென்ட்ரலில் சூரியனை வைப்போம். அதன் குறுக்களவு சுமார் 14 மீட்டர். கடைசிக் கிரகமான நெப்டியூனைக் கும்மிடிப்பூண்டியில் வைப்போம். இந்தக் கணக்கில் புதன், வெள்ளி, பூமி மூன்றும் பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. நம் பூமி வெறும் 13 சென்டிமீட்டர் உருண்டை. செவ்வாய் பேசின் பிரிட்ஜைச் சற்றுத் தாண்டி. அப்புறம் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது. திருவொற்றியூரை நெருங்கும்போதுதான் வியாழன், ஒன்றரை மீட்டர் பருமனில். எண்ணூருக்குச் சற்று முன்னால் சனி. அத்திப்பட்டில் கிரகம் ஏதும் இல்லை, மன்னிக்கவும். மீஞ்சூரும் தாண்டி, அனுப்பம்பட்டுப் பக்கம் யுரேனஸ். அதன்பின் பொன்னேரி, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போனால் நெப்டியூன். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்தை இதே கணக்கில் எங்கே வைப்பது? நிஜ நிலா இருக்கும் தூரத்தையும் தாண்டித்தான். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்து அசந்துபோனது இந்த இடத்தில்தான்.

தூரம் கூடக் கூடச் சுற்றும் காலமும் கூடும். இது நம் வீட்டுப் பஞ்சாங்கத்துக்குத் தெரிந்த விஷயம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 வருடம். ராசிக்கு ஒரு வருடமாக வருவதுதான் குருப்பெயர்ச்சி. கும்பகோணத்து மகாமகம் 12 வருடத்துக்கொருமுறை வருவதும் இதனால்தான். சனிக்கு இருபத்தொன்பதரை வருடம். பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை. மூன்று ராசிக்கு ஏழரை. பலன் பலிக்குமா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. கணக்கு மட்டும் கச்சிதம்.

யுரேனஸ் அந்தப் பஞ்சாங்கத்தில் இல்லை. 1781இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் கண்டுபிடித்தது அது. ஒரு சுற்றுக்கு 84 வருடம். ஆனால் அதன் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே யுரேனஸ் கடக்கவிருந்தது. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில், ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் காத்திருந்தார்கள். கிரகம் மறைக்கும் நேரம் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் சட்டென்று குறைந்து, மறுபடி பழைய நிலைக்கு வந்தது. எதுவோ குறுக்கே போயிருக்கிறது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினருக்கு, கிரகத்தின் இரு பக்கமும் இப்படிப் பல மறைப்புகள் கிடைத்தன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் அவை வளையங்கள் என்று தெரிந்தது. வளையம் சனிக்கு மட்டுமே சொந்தம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. நம் பாடப்புத்தகத்தில் யுரேனஸ் பற்றி நாலு வரி வருகிறதே, அங்கே காவலூருக்கு அரை வரி கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வெள்ளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் அத்திப்பட்டுக்கு நியாயம் செய்ததாகாது. சூரியனுக்கு அதைவிட நெருக்கமான புதனைக் காட்டிலும் வெள்ளிதான் சூடு. தரையில் சுமார் 465 டிகிரி செல்சியஸ். அதன் கனத்த காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. வாங்கிய வெப்பத்தை அது எளிதில் வெளியே விடுவதில்லை. துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் வந்து, கொதிகலனில் எரிகிற நிலக்கரியிலிருந்து புகைபோக்கி வழியாகப் போவதும் அதே வாயுதான். பூமி வெள்ளியாகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. அளவு வேறு, வேலை ஒன்றுதான்.

இந்த மாதம் வாசகர்கள் எல்லோரும் ஒரு சாயங்காலம் மாடிக்குப் போங்கள். பளிச்சென்று தெரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி, மணி, திசை, ஊர் நான்கையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால், நீங்கள் பார்த்தது எந்தக் கிரகம் என்று அடுத்த இதழில் சொல்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்