பூச்சி மாத்திரையும் வெறுங்காலும்

பௌர்ணமிதோறும் எங்கள் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானவர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். அதனால் யாருக்கும் கொக்கிப்புழு வந்துவிடாது. வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் அதன் குஞ்சுகள் பிழைக்காது. நிழலும் ஈரமும் உள்ள மண், அந்த மண்ணில் மனித மலம், அதன்மேல் தினமும் நடந்தே தீரவேண்டிய வெறுங்கால். இந்த மூன்றும் சேருமிடத்தில்தான் அது வாழும்.

அப்படியோர் இடம் இதே மாவட்டத்தில் இருக்கிறது: ஜவ்வாது மலை. மலையாளி பழங்குடிகள் வாழும் அம்மலையில் சுமார் 1,200 பேரின் மலத்தைப் பரிசோதித்த வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 38 பேருக்குக் கொக்கிப்புழு. அதுவும் மலை முழுக்க ஒரே சீராக இல்லை. சில பகுதிகளில் கொத்தாகக் குவிந்திருந்தது.

புழு பாதத்தின் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்குப் போகிறது. அங்கே பல்லைப் பதித்து வருடக்கணக்கில் ரத்தம் குடிக்கிறது. ஆளைச் சாய்த்துவிடாது. ரத்தசோகை, மூச்சுவாங்கல், எப்போதும் அசதி. அவ்வளவுதான். அந்த அசதிக்குத்தான் மேட்டுக்குடிகள் ‘சோம்பேறித்தனம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1902இல் அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைகளிடம் இந்தப் புழு கண்டறியப்பட்டபோது, பத்திரிகைகள் அதைச் ‘சோம்பேறிக் கிருமி’ என்றே எழுதின. நம் ஊரில் கிருமியைக்கூடத் தேடவில்லை. ‘இந்த ஆளுங்களே இப்படித்தான்’ என்று சாதியின் கணக்கில் எழுதி முடித்துவிட்டார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916 முதல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் நம் தமிழ்க் கூலித் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து குடித்தவர்கள் அதே லயத்துக்குத் திரும்பி, கக்கூஸ் இல்லாத அதே தோட்டத்தில் நடந்தார்கள். புழுவும் திரும்பியது.

நூறாண்டு கழித்து நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு மாத்திரை தருகிறார்கள். தமிழ்நாடு 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறது, நல்லது. ஆனால் கொக்கிப்புழு வயது கூடக்கூட அதிகமாகும் நோய். களையெடுக்கும் நாற்பது வயது அக்காவுக்கும் ஏர் ஓட்டும் அண்ணனுக்கும் அந்த நாளில் மாத்திரை இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் போன புழு, பெற்றோர் உடம்பிலிருந்து மண்ணுக்கு வந்து, மறுபடி பிள்ளையின் காலில் ஏறுகிறது. இதனால்தான் ஊரில் எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்தால் பரவலை நிறுத்த முடியுமா என்று சோதித்த டிவார்ம்3 ஆய்வு, பெனின், மலாவி நாடுகளோடு ஜவ்வாது மலையையும் ஒரு களமாக எடுத்துக்கொண்டது.

‘செருப்புப் போடுங்கள்’ என்கிறது சுகாதார அறிவுரை. சேற்றில் செருப்போடு நாற்று நட்டுப் பாருங்கள், தெரியும். அதைவிட, செருப்பு இந்த நாட்டில் யாருக்கும் வெறும் தோலும் ரப்பருமாக இருந்ததில்லை. மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக்கு வந்தால், ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கப் பழக்கப்பட்டவர்கள் சேரியில் இருக்கிறார்கள். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் தலித்துகள் சாதி இந்துக்களின் தெருவில் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரில். தலைமுறைகளாகத் தடுத்துவிட்டு, ‘அவங்களுக்குச் சுகாதாரப் பழக்கமில்லை’ என்பது என்ன நியாயம் தோழர்களே?

கழிப்பறை கட்டிக்கொடுத்தோம், பயன்படுத்தவில்லை என்பார்கள். குடிக்கவே தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம், கழிப்பறைக்கும் சேர்த்து இன்னும் இரண்டு குடம் சுமந்து வா என்கிறோம். குழாயில் தண்ணீர், முப்பதைத் தாண்டியவர்களுக்கும் மாத்திரை, ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்தசோகைப் பரிசோதனையோடு மலப் பரிசோதனை. ஜமுனாமரத்தூர் கேட்கவேண்டியவை இவை. திருவண்ணாமலையில் இருக்கும் நாமும் அவர்களோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலக வாசலில் கேட்கலாம்.